சிக்னல் நோட்டின் பதினேழாம் பக்கம்

மாசி மாதம் நான் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் தோட்டத்து வீட்டில் கைபேசி உருப்படியாக வேலை செய்யும் இடங்கள் மூன்று இருந்தன. துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நிற்பது ஒன்று. மாடிப்படியின் எட்டாம் படியில் மேற்குச் சுவரில் சாய்ந்துகொள்வது இன்னொன்று. மூன்றாவது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல். வந்த அன்றைக்கே இதை ஒரு நோட்டில் எண் போட்டு எழுதினேன். எண் போடாத எதுவும் எனக்கு மனதில் நிற்பதில்லை.

வீடு புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் எங்கள் முட்டைக்கோழிப் பண்ணை. தகரக் கூரை போட்ட நீளமான இரண்டு செட்டுகள், உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். செல்போன் டவர் சாலையோரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வருகிற அலை முதலில் தகரத்தில் மோதும். மிச்சம் கூண்டுக் கம்பிகளில் சிதறும். அதற்கும் மிச்சமிருப்பது கான்கிரீட் சுவரைத் தாண்டி எங்கள் கூடத்துக்குள் வரவேண்டும். நான் படித்தது மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல். அதனால் சிக்னல் வராததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சில நேரம் வந்ததுதான் ஆச்சரியம்.

நான் திரும்பி வந்தது அம்மாவுக்காக. அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். மூன்று மாதம் கட்டில். நான் ஒரே மகள். அப்பா போன் செய்தார்.

"வேலைய உட வேண்டாஞ் சாமி. லேப்டாப்ப எடுத்துக்கிட்டு இங்கயே வந்துரு. இங்கிருந்தே பாரு."

"அங்க சிக்னல் இல்லைங்களேப்பா."

"அதுக்கு ஒரு வழி பண்ணிக்கலாம். நீ இன்ஜினியரு, நா இருக்கறேன். ரெண்டு பேரு சேந்தா ஒரு சிக்னல இழுக்க முடியாதா?"

இந்த வாக்கியத்தை நான் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

என் மேலாளர் நல்ல மனிதர். மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டார். வெவ்வேறு ஆலைகளில் ஓடும் இயந்திரங்கள் அனுப்பும் தகவல்களைக் கண்காணித்து, கோளாறு தெரிந்தால் உடனே அந்த ஆலைக்காரர்களோடு பேசுவது எங்கள் வேலை. காலை ஒன்பதரைக்கும் மாலை ஐந்துக்கும் காணொளிக் கூட்டம். இணைப்பு அடிக்கடி அறுந்தால், ஒன்று பெங்களூருக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். அவர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கை மாதிரி சொன்னார். எனக்கு அது தெளிவாக இருந்தது. சிக்னல் கிடைத்தால் அம்மாவும் வேலையும். கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்று.

கேபிள் இணையத்துக்கும் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வீட்டுக்காக மூன்று கிலோமீட்டர் கம்பம் நட முடியாது என்று கேபிள்காரர் சொல்லிவிட்டார். அதில் தவறு சொல்ல முடியாது.

ஆகவே போனோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். திரையில் தெரிகிற கோடுகளை நான் நம்புவதில்லை. போனுக்குள்ளேயே தேடினால் சிக்னலின் உண்மையான அளவு எண்ணாகக் கிடைக்கும். கழித்தல் குறி போட்ட எண். மைனஸ் நூற்றிருபது என்றால் ஏறக்குறைய செத்துவிட்டது. மைனஸ் நூறுக்கு இந்தப் பக்கம் வந்தால் காணொளி ஓடும். கூடத்தில் எனக்குக் கிடைத்தது மைனஸ் நூற்றுப் பதினெட்டு.

முதலில் செலவில்லாத வைத்தியங்கள். போனின் உறையைக் கழற்றினேன். அதன் முதுகில் காரில் ஒட்டவைப்பதற்கான இரும்புத் தகடு ஒன்று இருந்தது, அதைப் பிய்த்து எறிந்தேன். இரண்டு புள்ளி தேறியது. சிம்மை எடுத்து அழிரப்பரால் தேய்த்தேன். ஒன்றுமில்லை. 5ஜியைத் தேடித் தேடிப் போன் களைத்துப் போவதால் 4ஜியில் மட்டும் நிற்கும்படி அமைத்தேன். எண் ஏறவில்லை, ஆனால் அறுந்துபோவது குறைந்தது. எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் ஐந்து தடவை அளந்து, இடது பக்கத்தில் என்ன செய்தேன் என்பதையும் வலது பக்கத்தில் கிடைத்த எண்களையும் எழுதிக்கொள்வேன். கல்லூரி ஆய்வகத்தில் பழகிய முறை.

அப்பா நாமக்கல் பேருந்து நிலையத்திலிருந்து தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் வாங்கி வந்தார். பேட்டரிக்குப் பின்னால் ஒட்டினால் சிக்னல் இரண்டு மடங்காகும் என்று விற்றவன் சொன்னானாம். நான் ஒட்டி அளந்தேன். மைனஸ் நூற்றுப் பதினாறு. கழற்றி அளந்தேன். மைனஸ் நூற்றுப் பதினாறு.

"ஒட்டுனாப் பிச்சுக்கிட்டு ஓடுமுன்னானே," என்றார் அப்பா.

"ஓடிப்போனது அவந்தானுங்க," என்றார் அம்மா கட்டிலிலிருந்து. அந்த நாட்களில் அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. என் ஆராய்ச்சிதான் சீரியல்.

அடுத்தது அன்னக்கூடை. விசேஷங்களுக்குச் சோறு கொட்டுகிற பெரிய அலுமினியப் பாத்திரம். அதைப் படுக்கவைத்து, வாயை மேற்கே திருப்பி, உள்ளே ஒரு தம்ளரின் மேல் போனை நிறுத்தினேன். குழிந்த உலோகம் அலையைச் சேர்த்து நடுவில் குவிக்கும். மைனஸ் நூற்றுப் பத்து வரை வந்தது. ஆனால் பாத்திரம் டவரைப் பார்த்து உட்கார்ந்ததால், பின்னால் இருந்த என் லேப்டாப்புக்குப் போனின் ஹாட்ஸ்பாட் எட்டவில்லை. நான் பாத்திரத்துக்கு முன்னால், ஜன்னலுக்கும் அதற்கும் நடுவில், தரையில் சம்மணம் போட்டுக் கூட்டத்தில் பேசினேன்.

"நாளைக்கு ஆராச்சும் சோத்துக்கு வந்தா அந்தப் போனையே பரிமாறிரு," என்றார் அம்மா.

கம்பிவலை யோசனை என்னுடையது. ஆனால் அதை உருவாக்கியவர் அப்பாதான். பழைய கூண்டுகளைக் கழித்தபோது எடுத்துவைத்த வலை செட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. ஓர் அங்குலக் கண். அந்த அளவு கண் இருந்தால் 4ஜி அலைக்கு அது ஓட்டையே இல்லாத தகடு மாதிரிதான் தெரியும், காற்றுக்கு மட்டும் வழிவிடும் என்று அவருக்குச் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். நான் காகிதத்தில் வரைந்து கொடுத்த வளைவை மூங்கில் சட்டத்தில் அப்படியே கொண்டுவந்தார். கட்டுக்கம்பி போட்டு முறுக்கினார். தொட்டியின் மேல் ஏணி சாத்தி ஏறியது நான். கீழே கயிற்றைப் பிடித்து வலையைத் திருப்பியது அவர்.

"இன்னுஞ் சித்த அக்கட்டயா?"

"கொஞ்சங்கப்பா. ஒரு சாண்."

"இப்ப?"

"நூத்தி மூணு."

"மொட்டு எண்ணற மாதரி எண்ணிச் சொல்லு, நா நிறுத்தறேன்." முட்டையை அவர் மொட்டு என்றுதான் சொல்வார்.

"நூறு. தொண்ணூத்தி ஒம்போது. நிறுத்துங்கப்பா. தொண்ணூத்தி ஏழு."

அவர் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. "பாஸா?" என்றார். பாஸ் என்றேன். எங்களுக்குள் அத்தனை சந்தோஷமான ஒரு காலை வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

கீழே வந்ததும் அவர் சொன்னார்: "நோட்ல ஏத்திக்க. தேதி போடு. கீழ கையெழுத்தும் போட்டுரு."

"எதுக்குங்கப்பா கையெழுத்து?"

"ரிஜிஸ்டருன்னா அப்படித்தான் சாமி."

பண்ணையில் அப்படித்தான். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. எத்தனை முட்டை, எத்தனை தீவனம், எத்தனை கோழி செத்தது என்று எழுதி, எழுதியவர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா ஒரு நாளும் விட்டதில்லை. என் நோட்டையும் அவர் ஒரு பதிவேடாக மதிக்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. பதினாறாம் பக்கத்தில் வலையின் அளவு, உயரம், திசை, காற்றில்லாத காலை ஏழு மணி என்பது எல்லாம் ஏற்கனவே இருந்தது. பதினேழாம் பக்கத்தில் எண்களை மட்டும் எழுதினேன். ஐந்து அளவீடு, அவற்றின் சராசரி, தேதி. என் முழுப் பெயர், படிப்பு, கையெழுத்து. படிப்பைப் போடச் சொன்னதும் அவர்தான்.

பங்குனி வெயில் ஏறியதும் வலையின் குறைகள் தெரிந்தன. பதினொரு மணிக்கெல்லாம் தொட்டியின் மேல் இருக்கிற போன் சூடேறி, எச்சரிக்கை காட்டிவிட்டுத் தானாக அணைந்துவிடும். ஈரச் சாக்கைப் போர்த்தினேன். தண்ணீர் அலையைக் குடித்துவிடும் என்பது தெரிந்தும் போர்த்தினேன். எண் நூற்றெட்டுக்கு இறங்கியது. பிறகு காலியான தீவனப் பையைப் பந்தலாகக் கட்டினேன். அது பரவாயில்லை. ஆனால் மாலைக் காற்றில் வலை ஒரு சாண் திரும்பினாலும் இணைப்பு போய்விடும். காணொளியில் என் முகம் வாயைப் பாதி திறந்தபடி உறைந்து நிற்குமாம். ஒரு முறை ஓர் ஆலையில் மோட்டார் எரிகிற நிலைக்குப் போனபோது நான் மாடியில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். மேலாளர் தனியாகச் செய்தி அனுப்பினார். மே மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்றிருந்தார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

வைத்தியமெல்லாம் ஓர் அளவுக்குத்தான். இல்லாத அலையை எந்த வலையாலும் பிடிக்க முடியாது. எங்கள் பக்கம் ஒரு டவர் வேண்டும். பக்கத்துத் தோட்டங்களிலும் பிள்ளைகள் பாடத்துக்காகக் கல்லின் மேல் ஏறி நிற்கிறார்கள். ஊராட்சி மூலம் மனுக் கொடுத்தால் நிறுவனத்தார் வந்து பார்ப்பார்கள் என்று படித்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு மனு எழுதினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சித்திரையில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அம்மாவின் பழைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

ஊராட்சிச் செயலர் நடுத்தர வயதுப் பெண். மனுவைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மனுவைப் பார்த்தார்.

"ஏனுங்க, வெளையாட்டுப் பண்றீங்களா? உங்க ஊட்ல இருந்துதான வேண்டாமுன்னு குடுத்திருக்கீங்க."

"எங்க வீட்ல இருந்தா? ஆருங்க குடுத்தது?"

"உங்கப்பாருதானுங்க. நீங்களுந்தான் அளந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே."

அவர் கோப்பை எடுத்துத் திருப்பிவைத்தார். அதில் இருந்தவை:

ஒன்று. போன ஐப்பசியில் ஐந்து கோழிப்பண்ணைக்காரர்கள் சேர்ந்து கொடுத்த ஆட்சேபம். எங்கள் தோட்டத்துக்கு வடக்கே ஒரு தரிசில் டவர் வைக்க ஒரு நிறுவனம் வந்து அளந்திருக்கிறது. டவர் வந்தால் அதன் கதிரில் கோழிகள் முட்டை குறைக்கும், ஓடில்லாத தோல்முட்டை இடும், ஆகவே வைக்கக்கூடாது. அப்பாவின் கையெழுத்து இரண்டாவது.

இரண்டு. பங்குனிக் கடைசியில் அப்பா தனியாகக் கொடுத்த கடிதம். எங்கள் பகுதியில் இப்போதே போதுமான சிக்னல் இருக்கிறது, இதை எங்கள் ஊர்ப் பொறியாளரே அளந்து உறுதிசெய்திருக்கிறார், டவர் தேவையில்லை.

மூன்று. என் நோட்டின் பதினேழாம் பக்கத்தின் நகல்.

பதினாறாம் பக்கம் இல்லை. கம்பிவலை இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, காற்றில்லாத காலை ஏழு மணி இல்லை. மைனஸ் தொண்ணூற்றேழு, என் பெயர், என் படிப்பு, என் கையெழுத்து மட்டும் இருந்தன. செய்முறையை ஒரு பக்கமும் விடையை ஒரு பக்கமும் எழுதுகிற என் ஒழுங்கு அவருக்கு வேலையைச் சுலபமாக்கியிருந்தது.

"மே தினக் கிராம சபையில இது தீர்மானத்துக்கு வருதுங்க," என்றார் செயலர். "அந்தக் கம்பெனிக்காரங்க மறுக்காக் கேட்டுருக்கறாங்க. இந்தத் தடவ ரெண்டுல ஒண்ணு சொல்லிரோணும்."

என் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கோழி விஷயம் எனக்கும் தெரியும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பண்ணையில் டவர் வந்த வருடமே முட்டை உற்பத்தி விழுந்தது என்று எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பண்ணை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கோடையில் கோழி தீவனத்தைக் குறைக்கும், முட்டையும் குறையும், ஓடும் மெலியும். அது டவர் இல்லாத எங்கள் பண்ணையிலும் வருடா வருடம் நடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கட்டில் அருகே உட்கார்ந்தேன். அவருக்குக் கால் நீவிவிடுகிற நேரம். நீவிக்கொண்டே கேட்டேன்.

"டவர் வேண்டாமுன்னு அப்பா எழுதிக் குடுத்தது உங்களுக்குத் தெரியுங்களாம்மா?"

அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "தெரியுஞ் சாமி."

"எப்ப?"

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கே தெரியும். அப்ப நீ இங்க வருவேன்னு ஆரு கண்டா? நா உழுவேன்னுதான் ஆரு கண்டா?"

"என் நோட்டைக் குடுத்தது இப்பத்தானுங்கம்மா. நான் வந்த பொறகு."

நான் நீவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவர் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"உங்கிட்டச் சொல்ல வேண்டாமுன்னு நாந்தாஞ் சொன்னேன்," என்றார். "சொன்னா நீ அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டுப் பெங்களூருக்குக் கெளம்பியிருப்பே. என்னைய ஆரு தூக்கி உக்கார வெப்பா? அவரு கோளிகிட்ட நிப்பாரா, எங்கிட்ட நிப்பாரா?"

அப்பாவின் பொய்யை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்கு ஓரளவு தெரிந்தது. இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று வேளையும் அவரைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறேன். தலை சீவிவிட்டிருக்கிறேன். அன்னக்கூடையைப் பார்த்து அவர் சொன்ன கேலிக்கெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். வேலை போகக்கூடும் என்று நான் முதன்முதலில் சொல்லி அழுததும் இவரிடம்தான். அப்போது என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அப்பா இரண்டாவது செட்டில் கூரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி வெயில். கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைத்தன. அத்தனை வாயிலிருந்தும் வருகிற அந்தச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"ஊராட்சிக்குப் போய்ட்டு வாரேங்கப்பா."

அவர் குழாயை மூடவில்லை. "எதுக்கு?"

"டவர் வேணும்னு மனுக் குடுக்கப் போனேன்."

இப்போது மூடினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"பொய்யா எழுதுனேன்?" என்றார். "நீ எழுதுனதத்தான குடுத்தேன்."

"வலைய எழுதலைங்களே."

"வலைய ஆரு கட்டுனது? நாந்தான?" சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார். "இந்தா பாரு சாமி. உனக்கு இன்னும் ஒரு மாசம். அம்மா எந்திரிச்சுருவா. நீ உன்ற பாட்டுக்குப் போயிருவே. டவரு வந்தா போகுமா? நா இருக்கற வரைக்கும் அது இங்கதான் நிக்கும்."

"டவரால முட்டை குறையாதுங்கப்பா. உங்க ரிஜிஸ்டரையே எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு சித்திரையும் குறைஞ்சுதான் இருக்குது."

"பாத்திருக்கறேன். அது வெய்யிலு. அதுக்கு எங்கிட்ட வைத்தியம் இருக்குது. டவரும் வந்து நின்னுட்டா, மொட்டுக் கொறைஞ்ச அன்னைக்கு எதால கொறைஞ்சுதுன்னு நா எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு காரணங்கள் ஒன்றாக வந்தால் பிரித்து அளப்பது கடினம் என்பதைத்தான் எனக்கும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இதை அவர் ஐப்பசியில் என்னிடம் கேட்டிருந்தால், மாசியில் கேட்டிருந்தால், பதில் தேடியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாஸா என்று கேட்டார்.

"எதுக்குங்கப்பா எங்கூட அவ்வளவு பாடுபட்டீங்க? அந்த வலை, ஏணி, எல்லாம்?"

இதற்கு மட்டும் அவர் யோசிக்கவில்லை. "உன்ற வேலை போகக்கூடாதில்ல," என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். அதனால்தான் என்னால் அங்கே அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

கிராம சபை ஊராட்சி அலுவலகத்தின் முன்னால், பந்தலுக்குக் கீழே நடந்தது. காலை பதினோரு மணி. அப்பாவின் மொபெட்டில்தான் போனேன். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் முடிந்து, டவர் விஷயம் வந்தது. தலைவர் ஆட்சேபத்தை வாசித்தார். பிறகு என் பக்கத்தை எடுத்து, என் பெயரையும் படிப்பையும் வாசித்து, எண்ணையும் வாசித்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பண்ணைக்காரர், அப்பாவுக்கு மச்சான் முறை, திரும்பி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இன்ஜினியர் புள்ளையே எழுதிக் குடுத்திருச்சு. அப்புறம் என்னங்க பேச்சு? அடுத்தத எடுங்க."

நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் என் சேலை முந்தானையைச் சரிசெய்துவிட்டார்கள். நான் நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். பதினாறாம் பக்கத்தை வாசித்தேன். வலை எத்தனை அடி அகலம், தரையிலிருந்து எத்தனை அடி உயரம், எந்த நேரம், எந்தக் காற்று. பிறகு கூடத்தில் கிடைக்கிற எண், அடுப்படியில் கிடைக்கிற எண், அம்மாவின் கட்டிலருகே கிடைக்கிற எண். இந்தப் பதினேழாம் பக்கத்தை ஊரின் அளவாக எடுத்துக்கொள்வது தவறு, அதற்காக நான் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் அந்த மச்சான், "ஏனுங்க மாப்ள, ஊட்டுக்குள்ளயே எதிர்க்கட்சிய வெச்சுக்கிட்டா இங்க வந்தீங்க?" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டார்.

"வாயில சொன்னா ஏத்துக்க முடியாதுங்க," என்றார் செயலர். "எழுதிக் குடுங்க, கோப்புல சேத்தறேன்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். நகலில் இருப்பது முழுமையான பதிவு அல்ல, இத்துடன் முந்தைய பக்கத்தையும் இணைக்கிறேன், இரண்டையும் சேர்த்தே படிக்கவும். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரும், அதற்கடுத்துத் தந்தை பெயரும் எழுதவேண்டும். எழுதினேன். அவருடைய கடிதத்தை மறுக்கிற கடிதத்தில் அவர் பெயர் இல்லாமல் நான் யார் என்று சொல்ல வழியில்லை. டவர் விஷயம் அடுத்த சபைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

திரும்பும்போது, வாய்க்கால் பாலத்தருகே அப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எந்திரிக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல சாமி," என்றார். "அத்தன பேருக்கு முன்னால."

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என் முகம் தெரியாது. எனக்கு அவர் கழுத்து தெரிந்தது. அவருக்கு உண்மையாகவே வலித்திருந்தது. அவர் சொன்ன வாக்கியம் நான் அவருக்குச் சொல்லவேண்டியது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வைகாசியில் அம்மா கைத்தடியோடு வாசல் வரை நடந்தார். காலையும் மாலையும் வந்து உதவ ஒரு அக்காவை ஏற்பாடு செய்தேன். சேலத்தில் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் ஓர் அறை எடுத்தேன். இணைப்பு சரியாக இருக்கும்வரை எந்த ஊரில் இருந்தாலும் சரி என்று மேலாளர் சொல்லிவிட்டார். வேலை நிலைத்தது. அந்த அறையில் குளியலறைக்குள்கூட மைனஸ் எண்பதுக்குக் கீழே போவதில்லை. கிளம்பும் அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரா வாரம் வந்துருவீல்ல?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிப் பேருந்து.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, சரியாக நினைவில்லை, அப்பா ஒரு படிவத்தோடு வந்தார். செட்டில் பெரிய மின்விசிறிகள் போட மின் இணைப்பின் அளவைக் கூட்டவேண்டும், அதற்கு விண்ணப்பம். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடம் மேலே தெரிகிற மாதிரி காகிதத்தை மடித்து நீட்டினார்.

"இங்க ஒண்ணு போட்டுரு சாமி."

நான் காகிதத்தை வாங்கி மடிப்பைப் பிரித்தேன். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இணைப்பு எண், செட்டின் அளவு, விசிறிகளின் எண்ணிக்கை, உறுதிமொழி. அவர் பக்கத்தில் நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"கரண்டு ஆபீசுக் காயிதந்தான். அதுல என்னத்தப் படிக்கறே?"

"படிச்சுட்டுப் போடறேங்கப்பா."

அவர் செட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் கடைசி வரி வரை படித்தேன். பிறகு காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்ப முன்பக்கத்துக்கு வந்து, புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.